கத்தரிக்கோலை விடக் கயிறு: வீட்டுக்குள் வளரும் மிளகாய்க் கண்டு பூக்கத் தொடங்கும்போது

தைப்பொங்கலன்று பொங்கல் பானையை இறக்கிய கையோடு மிளகாய் விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துவிடுவேன். வெளியே பனி கொட்டிக் கிடக்கும். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் மே மாத நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனிப் பயம் இருப்பதால், மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தின வார இறுதிக்கு முன்னர் எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கண்டும் வெளியே போகாது. அந்த நாலு மாதமும் பேஸ்மென்டில், ஒரு சின்னக் கூடாரத்துக்குள், எல்ஈடி லைட்டுக்குக் கீழேதான் அதன் சீவியம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி முதல் மொட்டுத் தெரியும். எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்குவதும் அப்போதுதான். "மொட்டு வந்திட்டுது, இனி வெட்டுறதா, விடுறதா?"

அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். விதை போடுவது, நாற்று மாற்றுவது எல்லாம் இதில் இல்லை. முதல் மொட்டுத் தெரிந்ததிலிருந்து நாலைந்து காய் நிலைக்கும் வரைக்குமான ஐந்து வாரத்தில் எதை வெட்டலாம், எதைக் கட்டலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது மட்டும்தான்.

ஊரில் யாரும் வெட்டவில்லையே?

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் மிளகாய்க் கண்டுக்குக் கத்தரிக்கோல் வைத்து நான் கண்டதில்லை. 1970 தொடக்கம் 1977 வரை இலங்கையில் மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் மிளகாயிலும் வெங்காயத்திலும் கல்வீடு கட்டினார்கள். தண்ணீர் இறைத்தார்கள், பசளை போட்டார்கள், புல்லுப் பிடுங்கினார்கள். கொப்பு வெட்டிவிடுவதற்குச் சொல்லும் கவாத்து என்ற சொல்லே அந்தப் பக்கம் அடிபடவில்லை. தேவையும் இல்லை. வெயில் காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம் என்று சுற்றி வரும். காற்று கொப்புகளை ஆட்டி ஆட்டித் தண்டை உரமாக்கும். தேனீயும் எறும்பும் தம் வேலையைப் பார்க்கும்.

பேஸ்மென்டில் இந்த மூன்றும் கிடையாது. வெளிச்சம் தலைக்கு மேலே ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் கீழே இறங்க இறங்க வேகமாகக் குறைந்துவிடுகிறது. நுனியில் உள்ள இலை பளபளவென்று இருக்க, ஒன்றரை அடி கீழே உள்ள இலை பட்டினி கிடக்கும். கண்டு இதைச் சமாளிக்க மேலே மேலே ஓடும், லைட்டைத் தொடும், நுனி கருகும். ஆகவே நாங்கள் செய்யப்போவது ஒரு குடை போல அதை அகல விரித்து எல்லா நுனிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கச் செய்வது, நடுவில் காற்று போகவிடுவது, தேனீயின் வேலையை நாங்களே பார்ப்பது. இதில் கத்தரிக்கோலுக்கு இருக்கும் பங்கு சின்னது. கயிற்றுக்கு இருப்பதுதான் பெரியது. முதல் வருடம் இதை நான் தலைகீழாக விளங்கிக்கொண்டேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் லைட் போட்டு வளர்க்கும் உத்திகளில் பலதை எங்களுக்குப் பரவலாக்கியவர்கள் கஞ்சா வளர்ப்பவர்கள். 2018 ஒக்ரோபர் 17 அன்று கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம். அதற்குப் பிறகு கூடாரம், லைட், காற்றாடி எல்லாம் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கின. லைட் வாங்கப் போன இடத்தில் நின்ற பெடியன் குரலைத் தாழ்த்தி "எத்தனை செடி?" என்று கேட்டான். "பன்னிரண்டு" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "மிளகாயப்பா, மிளகாய்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவர்களுடைய காணொளி ஒன்றைப் பார்த்துத்தான் பூக்கும் நேரத்தில் பெரிய இலைகளை எல்லாம் உருவி எறிந்தேன். "பூவுக்கு வெளிச்சம் படட்டும்" என்று அதில் சொன்னார்கள். கண்டு மூன்று கிழமை அப்படியே நின்றது. வந்த மொட்டும் மஞ்சளாகி உதிர்ந்தது. பூ வெளிச்சத்தைச் சாப்பிடுவதில்லை, இலைதான் சாப்பிடுகிறது என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. இரண்டும் வேறு வேறு பயிர். கஞ்சாவில் பெரும்பாலான வகைகள் பூக்க நீண்ட இரவு வேண்டும், அவர்கள் லைட்டை 12 மணி நேரமாகக் குறைப்பது அதற்காக. மிளகாய் இரவை எண்ணுவதில்லை. தண்டில் குறிப்பிட்ட அளவு இலை வந்ததும் தானாகப் பூக்கும். அவர்களுடைய தண்டு வளைத்த பக்கம் வளையும், எங்களுடையது "டக்" என்று முறியும். கூடாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்டை முதலில் வாசிக்கப் பழகுங்கள்

மிளகாய் ஒற்றைத் தண்டாக ஏறும். எட்டு முதல் பதினைந்து இலை வரை விடும். அதன்பின் தண்டின் நுனியில் ஒரு மொட்டு. அந்த இடத்திலேயே தண்டு இரண்டாகப் பிரியும், சிலவேளை மூன்றாக. இதைக் கவர் என்று சொல்வோம், கவண் செய்ய வெட்டும் கொப்பு மாதிரியே இருக்கும். கவரின் நடுவில் இருப்பதுதான் முதல் மொட்டு. இப்படிப் பிரிந்த கொப்பைத்தான் கை என்கிறேன். பிறகு ஒவ்வொரு கையும் ஓரிரு இலை விட்டு மறுபடி இரண்டாகப் பிரியும், அந்தக் கவரிலும் ஒரு மொட்டு. இரண்டு நாலாகும், நாலு எட்டாகும், கணக்குத் தவறாது.

இது விளங்கினால் மற்ற எல்லாம் விளங்கும். கவருக்கு மேலே வருவதெல்லாம் காய்க்கும் பகுதி. கவருக்குக் கீழே, இலைக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள கக்கத்திலிருந்து கிளம்பும் தளிர்கள் வேறு சாதி. அவை தனிக் கண்டு மாதிரி ஆரம்பத்திலிருந்து இலை விட்டு, பிறகுதான் பூக்கும். லைட்டின் நிழலில் அவை அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் கண்டை வெளியே கொண்டுபோய்விடுவீர்கள்.

வெட்டுவதற்கு முந்தின நாள்

முந்தின நாள் காலையில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வெட்டும் நாளில் ஊற்ற வேண்டாம். தண்ணீர் குடித்து விறைத்து நிற்கும் கொப்பு வளைக்கும்போது முறியும்.

சாடி மாற்றிப் பத்து நாள் ஆகவில்லையென்றால் பொறுங்கள். வேர் ஒரு பக்கம், கொப்பு ஒரு பக்கம் என்று இரண்டு அடியைக் கண்டு ஒரே நேரத்தில் தாங்காது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அழுக்கணவன், அதுதான் அசுவினி, இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். வீட்டுக்குள் அதைத் தின்ன எந்தப் பூச்சியும் வராது, ஒரு கிழமையில் ஒன்று நூறாகிவிடும். சமையலறைக் குழாயில் கண்டைச் சரித்துப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவி, பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசல் அடித்து, நாலைந்து நாள் விட்டு மறுபடி அடித்தால் அடங்கும். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரிப் பொருக்கு இருந்தால் அது பூச்சி இல்லை. தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

சாமான் அதிகம் வேண்டாம். கூர் உள்ள சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. நடுவில் ஊன்ற ஒரு மூங்கில் தடி. கட்டுவதற்குப் பழைய வேட்டியோ பருத்திச் சேலையோ கிழித்த அரை அங்குலப் பட்டிகள். நைலோன் நூல், மீன்பிடி நூல் எல்லாம் தண்டை அறுத்துவிடும். சாடியின் விளிம்பைச் சுற்றி ஆறு துளை போட்டுக்கொள்ளுங்கள், பட்டியின் மறு நுனியை அதில் முடிவதற்கு. துணிச் சாடி என்றால் ஊக்குக் குத்தினாலே போதும்.

கத்தரிக்கோலை ஒவ்வொரு கண்டுக்கும் இடையில் 70 வீத அல்ககோலால் துடைப்பது பொதுவான நோய்களுக்குச் சரி. ஆனால் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பெரிய எதிரி புகையிலைத் தேமல் வைரஸ், அது அல்ககோலுக்கு அவ்வளவாக அஞ்சாது. பாலுக்குத்தான் அஞ்சும். பசுமைக்குடில்களில் ஆடை நீக்கிய பால்மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கையையும் கத்தரிக்கோலையும் அதில் தோய்த்து வேலை செய்வது வழக்கம், பாலில் உள்ள புரதம் வைரஸை முடக்கிவிடுகிறது. கேட்க விநோதமாக இருந்தாலும் உண்மை. வீட்டில் சிகரெட் புகைப்பவர் இருந்தால் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கண்டைத் தொடக் கூடாது, அந்த வைரஸ் சிகரெட் புகையிலையிலிருந்தும் வரலாம். என் மச்சானை நான் கூடாரத்துக்குக் கிட்ட விடுவதில்லை.

முதல் மொட்டைக் கிள்ளுங்கள்

மனம் வராது. மூன்று மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த கண்டின் முதல் பூ. என்றாலும் கவரின் நடுவில் உள்ள அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள். அது காயானால் சரியாகக் கவட்டுக்குள் கிடந்து பருக்கும், பெரிய வகை என்றால் இரண்டு கையையும் நெம்பும். அதைவிட முக்கியம், கண்டு தன் பலத்தையெல்லாம் அந்த ஒற்றைக் காய்க்குள் தள்ளத் தொடங்கிவிடும், மேலே கொப்பு விடுவது மந்தமாகும்.

கத்தரிக்கோல் வேண்டாம். மொட்டின் காம்பை நகத்தால் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. காம்பு தண்டோடு சேருமிடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது, அதில் சுத்தமாகக் கழன்றுவரும். கீழ்நோக்கி இழுத்தால் தோல் உரியும்.

அடுத்த தட்டில் வரும் இரண்டு மொட்டையும் கிள்ளலாம். அதற்கு மேல் நான் போவதில்லை. வெளியே கொண்டுபோகும் நாள் வரை எல்லாப் பூவையும் கிள்ளுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கண்டு நன்றாகப் பெருக்கும் என்பது உண்மைதான், ஆனால் மே கடைசியில் ஒரு பச்சை மிளகாயைச் சொந்தக் கண்டில் பறித்துச் சம்பலுக்குப் போடும் சுகம் எனக்கு அதைவிடப் பெரிது. ஊசி மாதிரியான தாய்லாந்து மிளகாய், கொச்சிக்காய் வகைகளுக்கு இந்தக் கிள்ளலே தேவையில்லை. அவை எப்படியும் நூற்றுக்கணக்கில் பூக்கும், தானாகவே புதர் கட்டும்.

நுனி கிள்ளுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தலையை வெட்டினால் புதராகுமே என்று. ஆகும், ஆறு எட்டு இலை இருக்கும்போது வெட்டியிருந்தால். மொட்டு வந்த பிறகு தலையை வெட்டினால் கவரையே வெட்டுகிறீர்கள், பூ இரண்டு மூன்று கிழமை பிந்தும். அந்தக் காலம் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

கவருக்குக் கீழே

கக்கத்தில் வந்திருக்கும் தளிர்களை விரல் நீளம் ஆவதற்குள் எடுத்துவிடுங்கள். இளசாக இருந்தால் பெருவிரலால் ஒடித்தாலே போதும். பென்சில் தடிப்பு ஆகிவிட்டதென்றால் கத்தரிக்கோல், ஒரு சின்னக் கட்டை விட்டு.

தளிரைத்தான் சொன்னேன், இலையை அல்ல. இந்த இடத்தில்தான் புதியவர்கள் உற்சாகமாகித் தண்டை மொட்டையடித்துவிடுகிறார்கள். கவருக்குக் கீழே உள்ள அகன்ற இலைகள்தான் இப்போதைக்குக் கண்டின் சமையலறை. மண்ணில் முட்டுகிற இலை, மஞ்சளான இலை, தண்ணீர் ஊற்றும்போது சேறு தெறிக்கிற இலை, இவற்றை மட்டும் எடுங்கள். மண்ணிலிருந்து 4 அங்குலம் வெளியாக இருந்தால் காற்று போகும், பூஞ்சணம் பிடிக்காது. மேலே கொப்புகள் விரிந்து கீழ் இலைகள் முழு நிழலுக்குள் போன பிறகு, வாரத்துக்கு இரண்டு என்று அவற்றை மெல்ல மெல்லக் கழற்றலாம். ஒரே நாளில் கண்டின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நான் கைக்கொள்ளும் அளவு. சந்தேகமாக இருக்கிற இலையை விட்டுவிடுங்கள், அடுத்த கிழமையும் அது அங்கேதான் இருக்கும்.

கவரில் ஒரு கை நன்றாகவும் மற்றது சோடையாகவும் இருந்தால் விதி மாறும். அப்போது கவருக்கு உடனே கீழே உள்ள பலமான தளிர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அது காணாமல் போன கையின் இடத்துக்கு வரும்.

ஒடித்த இளந்தளிர்களை எறிய வேண்டாம். மருந்து அடிக்காத கண்டு என்றால் சமைக்கலாம். பிலிப்பைன்ஸ் ஆட்கள் கோழிச் சாறுக்கு மிளகாய் இலை போடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஏப்ரல் வந்தால் என்னைக் கண்டதும் முதலில் விசாரிப்பது அதைத்தான். நான் பருப்புக்குள் போட்டுப் பார்த்தேன், உறைக்காது, முளைக்கீரைக்கும் முருங்கையிலைக்கும் நடுவில் ஒரு சுவை.

கவருக்கு மேலே எத்தனை கை?

ஒன்ராறியோவின் தெற்கு மூலையில் லெமிங்டன் என்றொரு ஊர். வட அமெரிக்காவிலேயே பசுமைக்குடில்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் பகுதி அது. அங்கே குடைமிளகாயை இரண்டே கையாக வைத்து, ஒவ்வொரு கையையும் மேலிருந்து தொங்கும் கயிற்றில் சுற்றி ஏற்றுவார்கள். பக்கத்தில் வருவதை ஒன்றிரண்டு இலையோடு நறுக்கிவிடுவார்கள். கண்ணாடிக் கூரை அவ்வளவு உயரம், அறுவடை மாதக்கணக்கில் நடக்கும், அவர்களுக்கு அது சரி.

எங்கள் கூடாரத்தில் லைட்டுக்குக் கீழே 3 அடிதான் இருக்கும். உயர முடியாது, ஆகவே அகல வேண்டும். கறிமிளகாய், நீள மிளகாய், குடைமிளகாய்க்கு நாலு கை. சின்ன மிளகாய்க்கு எட்டு விட்டாலும் தாங்கும். இரண்டாவது தட்டில் நாலு கை வந்ததும், உள்நோக்கி வளர்கிற, ஒன்றோடொன்று உரசுகிற, நூல் மாதிரி மெலிந்த கொப்புகளை மட்டும் அடியோடு எடுங்கள். மூன்று நாலு வெட்டில் முடிந்துவிடும். முடியவில்லையென்றால் நீங்கள் தேவைக்கு மேல் வெட்டுகிறீர்கள்.

கட்டுவது

இதற்கு ஆறுதலான ஒரு பின்னேரம் வேண்டும். லைட் போட்டு ஏழெட்டு மணி நேரம் ஆகி, கண்டு கொஞ்சம் தளர்ந்து, கொப்புகள் மெத்தென்று இருக்கும் நேரம். காலையில் செய்தால் முறியும், அனுபவம் பேசுகிறது.

மூங்கில் தடியை நடுத்தண்டிலிருந்து 2 அங்குலம் தள்ளி மெதுவாக ஊன்றுங்கள், வேரை உணர்ந்தால் இடம் மாற்றுங்கள். தண்டைத் தடியோடு கவருக்கு ஓர் அங்குலம் கீழே கட்டுங்கள். பட்டி எட்டு மாதிரிப் போக வேண்டும், ஒரு வளையம் தடியைச் சுற்றி, ஒரு வளையம் தண்டைச் சுற்றி, நடுவில் குறுக்கு. தண்டின் வளையத்துக்குள் சின்ன விரல் நுழைய இடம் வேண்டும். தண்டு இன்னும் பருக்கும்.

இப்போது இடது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவரை அடியோடு இறுக்கிப் பிடியுங்கள். இந்தப் பிடியை விடவே கூடாது. மிளகாயின் பலவீனம் முழுவதும் கவரில்தான் இருக்கிறது, வளைவின் பாரம் அங்கே போகாமல் உங்கள் விரல் தாங்க வேண்டும். வலது கையால் ஒரு கொப்பை, நுனியில் அல்ல, கவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிப் பிடித்து வெளிப்பக்கம் மெல்லச் சாயுங்கள். பச்சைக் கொப்பு சாயும்போது விரலுக்குள் ஒரு நெரிவு தெரியும், காதுக்கும் லேசாகக் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு விரற்கடை பின்னுக்கு விடுங்கள். அந்த நிலையில் பட்டியைக் கொப்பில் தளர்வாக மாட்டி, மறு நுனியைச் சாடி விளிம்புத் துளையில் முடியுங்கள். பிறகு எதிர்ப் பக்கத்துக் கொப்பு. எப்போதும் எதிரெதிராகக் கட்டினால்தான் சாடி ஒரு பக்கம் சரியாது.

முதல் நாளில் கண்டு பெரிதாக மாறியதாகத் தெரியாது. தெரியவும் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரண்டு கிழமையில் நாலு கையும் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து நிற்கும்படி கொண்டுவாருங்கள். முழுவதும் படுக்கவைக்க வேண்டாம். படுத்த கொப்பின் முதுகிலிருந்து செங்குத்தாகத் தளிர்கள் கிளம்பி மறுபடி காடாக்கிவிடும். நுனிகள் ஒரே நாளில் லைட்டை நோக்கி மேலே திரும்பிவிடும், அது நல்லது, அப்படியே விடுங்கள். ஒரு கை மற்றதைவிட உயர்ந்தால் அதைமட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். குனிந்து கண் மட்டத்தில் பார்த்தால் நுனிகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

முறிந்தால்? பதற வேண்டாம். கவர் பிளந்து, ஆனால் பட்டையில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே இரண்டு பக்கத்தையும் பொருத்தி, மின் வேலைக்குப் பாவிக்கும் ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றி, கொப்பைத் தடியில் தாங்கக் கட்டுங்கள். ஒரு நாள் வாடும். சாடியை லைட்டிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இரண்டு கிழமையில் அந்த இடம் முழங்கால் மாதிரி முண்டு கட்டும். போன வருடம் எனக்கு அப்படிப் பிளந்த கையில்தான் செப்ரெம்பர் வரை காய் பிடித்தது.

அடுத்த சில நாள்

வெட்டிக் கட்டிய நாளில் பசளை கொடுக்க வேண்டாம். நாலைந்து நாள் கழித்துக் கொடுக்கலாம், அப்போதும் பொதியில் உள்ள மூன்று எண்களில் முதலாவது பெரிதாக இருக்கும் பசளையை ஒதுக்கிவிட்டு, மூன்றாவது எண் அதற்குச் சமமாகவோ கூடவோ உள்ளதை எடுங்கள். முதல் எண் தழைச்சத்து. அது கூடினால் கண்டு கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூவெல்லாம் உதிரும். லைட் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். மேல் இலைகளின் ஓரம் படகு மாதிரி மேல்நோக்கி மடிந்தால் லைட் கிட்டப் போய்விட்டது, உயர்த்துங்கள். சின்னக் காற்றாடி ஒன்று இலை மெல்ல அசையும் அளவுக்கு எப்போதும் ஓடட்டும். வெட்டுவாய் காய்வதற்கும் அதுதான் மருந்து, அதில் மஞ்சள் பூசுவது, மெழுகு வைப்பது எதுவும் வேண்டாம்.

தேனீ வேலை

விட்டுவைத்த பூக்கள் விரியத் தொடங்கும். வெள்ளை இதழ், நடுவில் நீலம் கலந்த ஊதாவில் மகரந்தப் பைகள். விரிந்த அன்று காலையில் அந்தப் பை பிளந்து, சாம்பல் மாதிரி மகரந்தம் வெளியே தெரியும். மிளகாய்ப் பூ தன்னைத் தானே கருக்கட்டிக்கொள்ளும், ஒரு சின்ன ஆட்டல் கிடைத்தால் போதும். நான் பிள்ளைகளின் நீர்வர்ணத் தூரிகையால் ஒவ்வொரு பூவின் நடுவையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். நேரமில்லாத நாளில் கொப்பின் அடியை இரண்டு சுண்டு. கட்டியிருக்கும் பட்டியைச் சுண்டினாலும் கொப்பு முழுவதும் அதிரும்.

பேஸ்மென்டின் குளிர்தான் இங்கே தடை. இரவில் 15 பாகைக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாகத் தேறாது. கூடாரத்துக்குள் பகலில் 32க்கு மேலே போனாலும் பூ உதிரும். இரவில் 18, பகலில் 25 என்று வைத்துக்கொண்டால் நல்லது. சாடியை வெறும் கொங்கிறீற் தரையில் வைக்காமல் ஒரு பலகைத் துண்டில் வையுங்கள், வேருக்கு அது பெரிய வித்தியாசம்.

பூ உதிர்வதைப் பார்த்து எல்லோரும் கலங்குகிறார்கள். காம்பைப் பாருங்கள். இதழ் வாடியும் காம்பு பச்சையாக நின்றால் அது காய் பிடித்துவிட்டது. காம்பு மஞ்சளானால் இரண்டு நாளில் மூட்டோடு கழன்று விழும். முதல் பூக்களில் பாதி அப்படிப் போகும், போகட்டும். எல்லாமே போனால் மட்டும் குளிர், சூடு, தழைச்சத்து என்ற வரிசையில் யோசியுங்கள்.

வெளியே கொண்டுபோகும் போது

மே மாதம் கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஏழு முதல் பத்து நாள் நிழலில் பழக்கிய பிறகுதான் முழு வெயில். பட்டிகளை இப்போது அவிழ்க்க வேண்டாம். ஸ்காபரோக் காற்றை அந்தக் கொப்புகள் இதுவரைக்கும் கண்டதில்லை. ஜூன் நடுப்பகுதியில் கையால் தொட்டால் கொப்பு விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்து, விளிம்புக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். நடுத் தடி கடைசி வரைக்கும் நிற்கட்டும், ஓகஸ்டில் காய்ப் பாரத்தில் சரியும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு விடயம் மறந்துவிட்டேன், இதை நீங்கள் கட்டத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். பேஸ்மென்ட் படிக்கட்டின் கதவை அளந்து பாருங்கள். எங்களுடையது 28 அங்குலம். நாலு கையும் அழகாக விரித்துக் கட்டிய என் முதல் கண்டு 34 அங்குலம் இருந்தது.